கோமாரி இடர் மதிப்பீட்டுக்குத் தரவு திரட்டுதல்: நான்கு கோப்புகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

(இது ஒரு மன்ற உரையாடல். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் இருப்பது அந்தப் பதிவை எழுதியவரின் புனைபெயர்.)

1. மந்தைக்கணக்கு

கேள்வி இதுதான். கோமாரி நோய் (மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் உண்டாக்கும் தொற்றுநோய்) உள்ள ஒரு பகுதியிலிருந்து, நோய் இல்லாத பகுதிக்கு உயிருள்ள மாடுகள் போகின்றன. ஒரு வருடத்தில் தொற்றுள்ள மாடு ஒன்றாவது உள்ளே நுழைய எவ்வளவு வாய்ப்பு என்று எண்ணில் சொல்ல வேண்டும்.

இருப்பவை 4 எக்செல் கோப்புகள்: நோய்க்கிளர்ச்சி (ஓர் இடத்தில் நோய் வெடித்தது) அறிக்கைகள், ஆய்வக முடிவுகள், மாடுகளின் இடமாற்றப் பதிவு, தடுப்பூசிப் பதிவு. ஒன்றில் பண்ணையின் பெயர் இருக்கிறது, இன்னொன்றில் ஊர் மட்டும்தான், மூன்றாவதில் காதுவில்லை எண். ஆய்வகக் கோப்பில் மாதிரி எண்ணைத் தவிர எதுவும் இல்லை. எதை முதலில் சரிசெய்வது? இன்னும் என்ன திரட்ட வேண்டும்?

2. தடம்பிடி

கோப்புகளை இப்போதைக்கு மூடி வையுங்கள். இருக்கிற தரவிலிருந்து தொடங்கினால், அந்தத் தரவு பதில் சொல்லக்கூடிய கேள்வியைத்தான் கடைசியில் கேட்டிருப்போம்.

முதலில் ஒரு தாளில் மாடு போகும் வழியை வரையுங்கள். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறையில் இடர் மதிப்பீடு என்பது நுழைவு, வெளிப்பாடு (உள்ளே வந்த கிருமி அங்குள்ள மாடுகளை எட்டுவது), விளைவு, பிறகு மூன்றையும் சேர்த்த முடிவு என்று போகும்; அதற்கு முன்னால் எந்த நோய்க்கிருமி என்று அடையாளம் காண்பது. உங்கள் கேள்வி நுழைவோடு நின்றுவிடுகிறது. அதனால் வழி சின்னதுதான்:

மாட்டைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்த மந்தையில் தொற்று இருக்க வாய்ப்பு எவ்வளவு? தொற்றுள்ள மந்தையில் எத்தனை பங்கு மாடுகளுக்குத் தொற்று? அறிகுறி பார்த்துச் செய்யும் சோதனையில் அது தப்ப வாய்ப்பு? ஆய்வகச் சோதனையில் தப்ப வாய்ப்பு? தனிமைப்படுத்தல் முடியும்போதும் அது கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு? எத்தனை மாடுகள், எத்தனை மந்தைகளிலிருந்து?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி வீதம் ஒரு பட்டியல். அந்த வரியில் எண்ணின் பெயர், துல்லியமான வரையறை, அலகு (மாடா, மந்தையா, மாதிரியா), எந்தக் காலத்துக்கு உரியது, எங்கிருந்து வந்தது, குறைந்தபட்சம், பெரும்பாலும், அதிகபட்சம். இந்தப் பட்டியலில் இடமில்லாத தரவை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இப்போது தொட வேண்டாம். தடுப்பூசிப் பதிவு மொத்தமும் தேவையில்லை. சோதனை முடிவைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி மட்டும் போதும்.

3. எண்ணாடி

தடம்பிடி சார் "அலகு" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டார். பெரும்பாலான மதிப்பீடுகள் கவிழ்வது அங்கேதான். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் (எண்கள் உதாரணத்துக்கு மட்டும்).

100 மந்தைகளில் 1 மந்தையில் தொற்று. அந்த மந்தைக்குள் 10% மாடுகளுக்குத் தொற்று. ஆக மொத்த மாடுகளில் 0.1%. வருடத்துக்கு 200 மாடுகள் போகின்றன.

200 மாடுகளும் 200 வெவ்வேறு மந்தைகளிலிருந்து வந்தால், ஒன்றாவது தொற்றுடன் இருக்க வாய்ப்பு 1 கழித்தல் 0.999-இன் 200-ஆம் அடுக்கு. அதாவது 18%.

10 மந்தைகளிலிருந்து தலா 20 வந்தால் 8.4%.

200-உம் ஒரே மந்தையிலிருந்து வந்தால் 1%.

மூன்றிலும் மாடுகள் அளவில் அதே 0.1% தான். ஆனால் விடை 18 மடங்கு விலகுகிறது. தொற்று மந்தைகளில் கொத்தாக இருப்பதே காரணம். எனவே இடமாற்றப் பதிவில் ஒவ்வொரு மாட்டுக்கும் அது புறப்பட்ட மந்தையின் எண் இல்லையென்றால், "200 மாடுகள் போயின" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே மந்தைக்காரர் வருடம் முழுக்க நான்கு தடவையாக அனுப்பினால் அது இன்னொரு கணக்கு. ஒவ்வொரு தடவையும் புறப்பட்ட தேதி வேண்டும்.

4. மந்தைக்கணக்கு

இடமாற்றப் பதிவில் பாதிக்கு மேல் "புறப்பட்ட இடம்" என்ற கட்டத்தில் சந்தையின் பெயர்தான் இருக்கிறது. சந்தையையே ஒரு மந்தை என்று எடுத்துக்கொள்ளலாமா?

5. களப்பதிவு

கூடாது. சந்தையை மந்தையாக எழுதினால், எண்ணாடி சொன்ன மூன்று கணக்கில் ஆபத்து மிகக் குறைவாகக் காட்டும் கணக்கை உங்களை அறியாமலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். உண்மையில் சந்தை நேர் எதிராக வேலை செய்யும்: பல மந்தைகளின் மாடுகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கின்றன, ஒரே வண்டியில் ஏறுகின்றன. கோமாரிக் கிருமியை மாடு அறிகுறி தெரிவதற்கு முன்பே வெளியேற்றத் தொடங்கிவிடும்.

இடமாற்றப் பதிவில் ஒவ்வொரு நகர்வும் தனி வரியாக இருக்கட்டும்: மாட்டின் எண், எங்கிருந்து, எங்கே, புறப்பட்ட தேதி, சேர்ந்த தேதி, இடத்தின் வகை (பண்ணை, சந்தை, தங்கல் கொட்டகை, தனிமைக் கொட்டகை). ஒரு மாட்டுக்கு நாலு வரி வந்தால் வரட்டும். சந்தைக்கு முன்னால் எங்கிருந்தது என்று தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். மதிப்பீட்டில் அந்த மாடுகளைத் தனி வழியாகப் பிரித்து, மோசமான பக்கம் சாய்ந்த எண்களைக் கொடுங்கள்.

அடுத்தது தேதி. நோய்க்கிளர்ச்சி அறிக்கையில் ஒரே ஒரு தேதிக் கட்டம் இருந்தால் அது எந்தத் தேதி என்று யாருக்கும் தெரியாது. வேண்டியவை ஐந்து: முதல் மாட்டுக்கு அறிகுறி தொடங்கிய நாள், உரிமையாளர் கவனித்த நாள், தகவல் தந்த நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள். முதல் தேதியை உரிமையாளரின் ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதக் கூடாது. இருப்பதிலேயே பழைய புண்ணைத் தேடி அதன் வயதைப் பாருங்கள்.

நாக்கிலோ ஈறிலோ தோல் வெளுத்து, நீர் கோத்த கொப்புளம் உடையாமல் இருந்தால் முதல் 2 நாள். கொப்புளம் உடைந்து, ஓரம் கூர்மையாக, அடியில் ஆறாத சதையின் சிவப்பு தெரிந்தால், ஓரத்தில் கிழிந்த தோல் தொங்கினால், சுமார் 3-ஆம் நாள். ஓரம் மழுங்கி, மேலே மஞ்சள் படலம் படிந்தால் 4 முதல் 6 நாள். தழும்புத் திசு இறுகத் தொடங்கினால் ஒரு வாரம் தாண்டியது. வாய்ப் புண் சீக்கிரம் ஆறும். குளம்புப் பிளவில் வேறு கிருமி சேர்ந்துகொள்வதால் வயது குழப்பும். 5 நாளுக்குள் கணித்தால்தான் நம்பலாம். நம்பிக்கை எவ்வளவு என்பதற்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

அந்த நாளிலிருந்து 2 முதல் 14 நாள் பின்னால் போனால் கிருமி உள்ளே வந்த காலம் கிடைக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறையில் கோமாரிக்கு நோயரும்பு காலம் (கிருமி நுழைந்ததிலிருந்து அறிகுறி தெரியும் வரை) 14 நாள் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

6. ஆய்வகமேசை

ஆய்வகக் கோப்பைப் பற்றி. "பாசிட்டிவ்", "நெகட்டிவ்" என்று மட்டும் இருக்கும் கோப்பு பாதி செத்த கோப்பு. எலிசாவின் (இரத்தத்தில் ஆன்டிபாடியை அளக்கும் சோதனை) மூல அளவீட்டை (தடுப்பு விழுக்காடோ, ஒளி அடர்த்தியோ) கேட்டு வாங்குங்கள். கூடவே சோதனைப் பெட்டியின் பெயர், தொகுப்பு எண், எல்லைமதிப்பு (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எண்), அந்தச் சோதனைத் தட்டின் கட்டுப்பாட்டு மாதிரிகள் (விடை முன்பே தெரிந்தவை) சரியாக வந்தனவா என்பது. பின்னாளில் எல்லைமதிப்பு மாறினால் பழைய முடிவுகளை மறுபடி வகைப்படுத்த அந்த அளவீடு ஒன்றுதான் வழி.

கோமாரியில் எந்தச் சோதனை என்பது ரொம்ப முக்கியம். கிருமியின் வெளிக்கூட்டுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, தடுப்பூசி போட்ட மாட்டிலும் இருக்கும். கட்டமைப்பல்லாத புரதத்துக்கு (கிருமி உடலில் பெருகும்போது உண்டாவது) எதிரான ஆன்டிபாடி, அதாவது என்எஸ்பி எலிசா, தொற்று வந்து போனதைக் காட்டும். ஆனால் தடுப்பூசி சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் இருந்து, பல முறை போட்டிருந்தால் அதிலும் பாசிட்டிவ் வரலாம். அதனால்தான் தடுப்பூசிப் பதிவிலிருந்து மூன்றே மூன்று விவரம் வேண்டும்: எத்தனை தவணை, கடைசித் தவணை எப்போது, எந்தத் தடுப்பூசி. சின்னக் கன்றுகளில் தாய்ப்பால் வழி வந்த ஆன்டிபாடி குழப்பும், ஆகவே வயதும் வேண்டும்.

இப்போது திருத்தக் கணக்கு. 600 மாடுகளில் 30 பாசிட்டிவ், தோற்ற விகிதம் (சோதனையில் தெரிந்தபடி உள்ள பங்கு) 5%. சோதனையின் உணர்திறன் (தொற்றுள்ளதைப் பாசிட்டிவ் என்று காட்டும் பங்கு) 95%, தனித்தன்மை (தொற்றில்லாததை நெகட்டிவ் என்று காட்டும் பங்கு) 98% என்று வைப்போம். ரோகனும் கிளாடனும் 1978-இல் தந்த சூத்திரம்: தோற்ற விகிதத்தோடு தனித்தன்மையைக் கூட்டி 1-ஐக் கழித்து, உணர்திறன் கூட்டல் தனித்தன்மை கழித்தல் 1 என்பதால் வகுக்க வேண்டும். 0.03 வகுத்தல் 0.93, அதாவது 3.2%. பாசிட்டிவாக வந்த 30-இல் ஏறக்குறைய 12 பொய். தோற்ற விகிதம் 1.5% ஆக இருந்தால் விடை பூச்சியத்துக்குக் கீழே போகும். அப்போது எண்ணை வெட்டிப் பூச்சியமாக்காமல், உணர்திறன், தனித்தன்மை இரண்டிலும் உள்ள நிச்சயமின்மையையும் சேர்த்து பேய்ஸ் முறையில் (முன்பே தெரிந்ததையும் தரவையும் இணைக்கும் புள்ளியியல் முறை) போடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த 3.2% என்பது எப்போதோ தொற்று வந்த மாடுகளின் பங்கு. இன்று கிருமியை வெளியேற்றும் மாடுகளின் பங்கு அல்ல. ஆன்டிபாடி மாதக்கணக்கில், சில மாடுகளில் வருடம் தாண்டியும் நிற்கும். இதை அப்படியே முதல் கேள்விக்கான எண்ணாகப் போட்டால் ஆபத்து பல மடங்கு ஊதிவிடும்.

7. மந்தைக்கணக்கு

நல்ல வேளை, அதைத்தான் போடப்போனேன். அப்படியானால் "இன்று தொற்றுள்ள மந்தை" என்ற எண் எங்கிருந்து வரும்?

8. எண்ணாடி

நோய்க்கிளர்ச்சி அறிக்கையிலிருந்து. வருடத்தில் அறிவிக்கப்பட்ட கிளர்ச்சிகள் 40. அறிவிக்கப்படாதவற்றையும் சேர்க்க 5 மடங்கு. கிருமி நுழைந்ததிலிருந்து பிடிபட்டு அடைக்கப்படும் வரை, அந்த மந்தையிலிருந்து மாடு வெளியே போகக்கூடிய இடைவெளி 21 நாள். மொத்த மந்தைகள் 20,000. 40 பெருக்கல் 5 பெருக்கல் 21 வகுத்தல் 365 என்றால் 11.5. அதை 20,000-ஆல் வகுத்தால் 0.06%.

அந்த 20,000-ஐக் கவனியுங்கள். எல்லோரும் மேலே இருக்கும் எண்ணைத் துரத்துகிறார்கள், வகுக்கும் எண்ணை யாரும் சரிபார்ப்பதில்லை. அது எந்த வருடக் கணக்கெடுப்பு, இரண்டு மாடு வைத்திருப்பவரும் அதில் ஒரு மந்தையா, கிளர்ச்சி அறிக்கையில் "கிளர்ச்சி" என்பது ஒரு பண்ணையா அல்லது ஒரு கிராமமா? மேலே கிராமம், கீழே பண்ணை என்று இருந்தால் கணக்கு முதலுக்கே மோசம்.

9. நிதானம்

அந்த 5 மடங்கை எங்கிருந்து எடுத்தீர்கள்? 2 என்று போட்டால் 0.023%, 10 என்று போட்டால் 0.115%. ஊகத்தை எண்ணாக்கி இரண்டு தசமம் காட்டுவதைவிட, "குறைவு", "மிதம்", "அதிகம்" என்று சொல்லால் மதிப்பிடுவது நேர்மையானது. நெறிமுறையும் சொல்வழி மதிப்பீட்டை ஏற்கிறது.

10. தடம்பிடி

ஏற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "குறைவு" என்ற சொல்லுக்குள்ளும் அந்த மடங்கு ஒளிந்துதான் இருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான். சொல்வழி மதிப்பீடு செய்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை எழுதி, எந்தத் தரவு பார்த்து அந்தச் சொல்லைத் தேர்ந்தீர்கள் என்று காட்ட வேண்டும். தரவு வேலை இரண்டுக்கும் ஒன்றேதான்.

மடங்கை ஊகிக்காமல் கணிக்கவும் வழி உண்டு. ஒன்றையொன்று சாராத இரண்டு பட்டியல்கள் வேண்டும். களத்திலிருந்து வந்த அறிக்கையில் 40 மந்தைகள். தனியாக நடந்த ஆய்வில் அதே காலத்தில் தொற்று உறுதியான மந்தைகள் 30. இரண்டிலும் இருப்பவை 12. மூன்று எண்ணோடும் 1 கூட்டிக்கொண்டு, 41 பெருக்கல் 31 வகுத்தல் 13 கழித்தல் 1, சுமார் 97 மந்தைகள். அறிக்கை அதில் 41 விழுக்காட்டைப் பிடித்திருக்கிறது, மடங்கு 2.4. பிரச்சினை உள்ள இடத்துக்கே இரண்டு குழுவும் போயிருந்தால் ஒன்றாகப் பிடிபட்டவை கூடும், உண்மை 97-ஐவிட அதிகமாக இருக்கும். ஆகவே இதைக் கீழ் எல்லையாக வையுங்கள்.

இந்தக் கணக்கு முழுக்க அந்த 12-இன் மேல் நிற்கிறது. இரண்டு பட்டியலிலும் ஒரே மந்தைக்கு ஒரே எண் இல்லாவிட்டால் 12 என்பது 7 ஆகத் தெரியும். அப்போது மொத்தம் சுமார் 158 என்று வரும். பெயரின் எழுத்துப் பிழையே நோயைப் பெருக்கிக் காட்டும்.

11. நிதானம்

ஏற்றுக்கொள்கிறேன். நிபுணர்களைக் கேட்டு மடங்கு எடுக்கும் இடங்களில் ஒரு வேண்டுகோள்: ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு எண் கேட்காதீர்கள், மூத்தவர் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, முதலில் மிகக் குறைந்தது, பிறகு மிக அதிகம், கடைசியில் பெரும்பாலும் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த வரிசை மாறினால் முதல் எண்ணைச் சுற்றியே மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெயர் சொல்லாமல் எல்லோர் விடையையும் காட்டி, பேசவிட்டு, மறுபடி தனியாகக் கேளுங்கள். இரண்டு சுற்றையும் சேமியுங்கள்.

12. கோப்படுக்கு

நான்கு கோப்பை ஒட்டும் வேலைக்கு வருவோம்.

ஒரே பெரிய தாளாக ஒட்டாதீர்கள். ஐந்து அட்டவணை போதும்: மந்தை, மாடு, நகர்வு, மாதிரி, சோதனை. ஒரு மந்தைக்குப் பல மாடு, ஒரு மாட்டுக்குப் பல நகர்வு, பல மாதிரி. ஒரு மாதிரிக்குப் பல சோதனை. ஒவ்வொரு அட்டவணையிலும் தன் எண்ணும் மேலே உள்ளதன் எண்ணும். ஒரே தாளில் ஒட்டினால், 3 முறை சோதித்த மாடு 3 மாடுகளாக எண்ணப்படும். நோய்க்கிளர்ச்சி விவரம் மந்தை எண்ணோடு ஆறாவதாக நிற்கட்டும்.

மந்தை எண்ணை நீங்களே உருவாக்குங்கள், அர்த்தம் எதுவும் இல்லாத எண்ணாக. ஊர்க் குறியீட்டை அதற்குள் திணித்தால், எல்லை மாறும் நாளில் எண்ணும் மாற வேண்டிவரும். பிறகு ஒரு ஒப்புப் பட்டியல்: பழைய கோப்பில் இருந்த பெயர், எந்தக் கோப்பு, இப்போதைய மந்தை எண், யார் பொருத்தியது, எவ்வளவு உறுதி. மூலக் கோப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். படிக்க மட்டும் என்று பூட்டிவைத்து, திருத்தத்தை எல்லாம் நிரலிலோ இந்த ஒப்புப் பட்டியலிலோ செய்யுங்கள்.

காதுவில்லை எண்ணில் எக்செல் செய்யும் சேதம் தனி. ஐஎஸ்ஓ 11784 முறையில் மின்னணு வில்லைக்கு 15 இலக்கம். எக்செல் அதைப் பெருக்கல் அடுக்கு வடிவில் (E+14 என்று முடியும்) சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (வெறும் உரைக் கோப்பாக) சேமித்தால் முதல் சில இலக்கங்கள் மட்டும் தங்கி மீதி பூச்சியமாகிவிடும். நூறு மாடுகளுக்கு ஒரே எண். 16 இலக்கம் என்றால் திறந்ததுமே கடைசி இலக்கம் போய்விடும். முன்னால் நிற்கும் பூச்சியமும் காணாமல் போகும். 3-5 போன்ற மாதிரி எண் தேதியாக மாறும். எளிய மருந்து: கோப்பை நேராகத் திறக்காமல், உள்ளிறக்கும்போதே அந்தக் கட்டத்தை "உரை" என்று சொல்லுங்கள். தேதியை வருடம்-மாதம்-நாள் வரிசையில் உரையாகவே வையுங்கள். 12-க்கு மேற்பட்ட நாள்கள் ஒழுங்காகவும் 12 வரையிலான நாள்கள் மாதம் மாறியும் இருந்தால், எங்கோ ஒரு கணினி மாதத்தை முன்னால் வைத்துப் படித்திருக்கிறது.

வெற்றுக் கட்டம் விடவே கூடாது. "சோதிக்கவில்லை", "மாதிரி கெட்டது", "முடிவு தெளிவில்லை", "பொருந்தாது", பூச்சியம் ஆகிய ஐந்தும் ஐந்து வெவ்வேறு விஷயங்கள். 99 அல்லது -9 என்று குறியீடு போட்டால் யாராவது ஒருநாள் அதற்குச் சராசரி எடுப்பார்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை தசம பாகையில், 4 தசமம் வரை. அது சுமார் 11 மீட்டர் துல்லியம், பண்ணைக்குப் போதும். இரண்டும் இடம் மாறிய வரிகளைக் கண்டுபிடிக்க வரைபடத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே போதும். வெளியே பகிரும்போது புள்ளியாக இல்லாமல் பரந்த சதுரப் பகுதியாக மாற்றிக் கொடுங்கள், பண்ணைக்காரர் அடையாளம் தெரியக் கூடாது.

13. ஆய்வகமேசை

பூச்சியத்தைப் பற்றி ஒன்று. 300 மாடு சோதித்து ஒன்றும் பாசிட்டிவ் இல்லை என்றால் விகிதம் 0% என்று எழுதக் கூடாது. சோதனை குறையற்றது என்றே வைத்தாலும், 95% நம்பிக்கையோடு சொல்லக்கூடியது "1%-ஐத் தாண்டாது" என்பதுதான். திருப்பிப் போட்டால் மாதிரி அளவு வரும்: பெரிய கூட்டத்தில் 10% தொற்றைப் பிடிக்க 29 மாடு, 5%-க்கு 59, 2%-க்கு 149, 1%-க்கு 299. உணர்திறன் 80% என்றால் 5%-க்கு 74. மொத்தமே 50 மாடுள்ள மந்தையில் 10%-ஐப் பிடிக்க 22 போதும். இதெல்லாம் மாடுகளை எந்தச் சாய்வும் இல்லாமல் தேர்ந்தெடுத்தால் மட்டும். நோய்வாய்ப்பட்ட மாடு என்று கொண்டுவந்த மாதிரியும் கணக்கெடுப்பு மாதிரியும் ஒரே கோப்பில் கலந்திருந்தால் விகிதம் போடவே முடியாது. மாதிரி அட்டவணையில் "ஏன் எடுக்கப்பட்டது" என்ற கட்டம் கட்டாயம்.

அதேபோல், வாஹிஸ் (உலக விலங்கு சுகாதார அமைப்பின் நோய்த் தகவல் தளம்) போன்ற பன்னாட்டுத் தளத்தில் ஒரு நோய்க்கு அறிக்கை இல்லை என்பதை "நோய் இல்லை" என்று படிக்காதீர்கள். அங்கே கண்காணிப்பு நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

14. மந்தைக்கணக்கு

இதெல்லாம் செய்ய மாதங்கள் ஆகும். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் எதை முதலில் தொடுவது?

15. எண்ணாடி

தோராய எண்களை வைத்தே முதலில் கணக்கை ஒரு தடவை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணையும் தனியாக அதன் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நகர்த்தி, விடை எவ்வளவு அசைகிறது என்று குறியுங்கள்.

உங்கள் வழியில் இப்படித்தான் வரும். மந்தைக்குள் எத்தனை விழுக்காடு தொற்று என்பதற்கு நிறைய உழைக்கத் தோன்றும். ஆனால் ஒரு மந்தையிலிருந்து 20 மாடு எடுத்தால், 10% என்றாலும் அதில் ஒன்றாவது தொற்றுடன் இருக்க வாய்ப்பு 88%. 30% என்று மும்மடங்காக்கினாலும் கிட்டத்தட்ட 100%, அவ்வளவுதான். அந்த எண் விடையை அசைக்காது. மந்தைக்கு ஒரு மாடு மட்டும் எடுத்தால் அதே மாற்றம் விடையை மும்மடங்காக்கும். இதில் எது உங்கள் நிலை என்று சொல்ல இடமாற்றப் பதிவில் மந்தை எண் இருக்க வேண்டும். ஆக முதல் வாரம் முழுக்க அதற்கு. சந்தை என்று எழுதிய வரிகளில் கடந்த ஒரு வருடத்து வரிகளை மட்டும் எடுத்து, காதுவில்லை எண்ணை வைத்து மந்தையைத் தேடுங்கள்.

அறிவிக்கப்படாத மடங்கும், பிடிபடும்வரை உள்ள 21 நாளும் விடையை நேராகப் பெருக்குபவை. இரண்டாவது வாரம் அவற்றுக்கு: கிளர்ச்சி அறிக்கைகளில் புண்ணின் வயது எழுதியிருப்பவற்றை மட்டும் பிரித்து, அறிகுறி தொடங்கிய நாளுக்கும் மந்தை அடைக்கப்பட்ட நாளுக்கும் உள்ள இடைவெளியோடு நோயரும்பு காலத்தையும் சேர்த்து, அது மந்தைக்கு மந்தை எப்படிப் பரவியிருக்கிறது என்று போடுங்கள். சராசரி மட்டும் வேண்டாம், நீண்ட வால் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் தெரிய வேண்டும். 7 நாளில் பிடிபட்ட இரண்டு மூன்று மந்தைகளைவிட 40 நாள் தெரியாமல் இருந்த ஒரு மந்தையிலிருந்து மாடு வெளியேற வாய்ப்பு அதிகமாக இருக்கலாம்.

16. மந்தைக்கணக்கு

கடந்த ஒரு வருடத்தில் சந்தை வரிகள் 412. வில்லை எண் 15 இலக்கமும் முழுசாக இருப்பவை 290. மீதி 122-இல் கடைசி இலக்கங்கள் பூச்சியமாக இருக்கின்றன, கோப்படுக்கு சொன்ன அதே சேதம். மூலக் காகிதப் படிவங்களைக் கேட்டிருக்கிறேன்.

17. கோப்படுக்கு

படிவம் வந்ததும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை மட்டும் படிவத்தோடு பாருங்கள். பூச்சியமாகிப்போன பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் வைத்திருங்கள். ஒப்புப் பட்டியலில் "படிவத்திலிருந்து மீட்டது" என்று தேதியோடு குறியுங்கள்.